லாரி இன்சூரன்ஸ்: பிரீமியம் குறையணும், பாதுகாப்பு குறையக் கூடாது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு டிரான்ஸ்போர்ட் அலுவலகத்தில் வண்டிகளின் எஃப்.சி. (தகுதிச் சான்று), பர்மிட், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்து ஓட்டும் ஓனர்கள் ரெனியூவல் நேரத்தில் என்னிடம் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். டீசல், டோல், டயர், தவணை எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான் என்பது எனக்குத் தெரியும். அதனால் பிரீமியத்தில் எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கை வைத்தால் வண்டியே போய்விடும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். இதில் உள்ள விதிகள் இந்தியாவில் பதிவான சரக்கு வண்டிகளுக்கானவை.

ஃபுல் இன்சூரன்ஸ் என்று சொல்கிறார்களே, அதற்குள் என்ன இருக்கிறது?

இரண்டு பகுதி. ஒன்று தேர்டு பார்ட்டி. நம் வண்டியால் அடுத்தவர் உயிருக்கோ, உடம்புக்கோ, சொத்துக்கோ சேதம் வந்தால் அதற்கான இழப்பீடு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146-ன்படி இது இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கவே கூடாது. மாட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 4,000 ரூபாய்.

இன்னொன்று ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டிக்கே வரும் சேதம். விபத்து, தீ, திருட்டு, வெள்ளம், கலவரம் எல்லாம் இதில் வரும். இரண்டும் சேர்ந்ததைத்தான் ஃபுல் இன்சூரன்ஸ் என்கிறோம். பெயர் ஃபுல் என்று இருப்பதால் எல்லாமே கிடைக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். கிளெய்ம் நேரத்தில் பட்டறை பில்லையும் சர்வேயர் (சேதத்தை மதிப்பிட வருபவர்) போட்ட தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரிகிறது.

இதில் எதைப் பேரம் பேசலாம்?

தேர்டு பார்ட்டியில் பேரமே கிடையாது. அந்தத் தொகையை அரசு அறிவிக்கிறது, எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் ஒன்றுதான். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி, வண்டியின் மொத்த எடையைப் (ஜி.வி.டபிள்யூ.) பொறுத்து ஆண்டுக்கு:

7,500 கிலோ வரை – 16,049 ரூபாய்
7,500 முதல் 12,000 வரை – 27,186
12,000 முதல் 20,000 வரை – 35,313
20,000 முதல் 40,000 வரை – 43,950
40,000-க்கு மேல் – 44,242

இதற்கு மேல் ஜிஎஸ்டி. சரக்கு வண்டிகளின் தேர்டு பார்ட்டி பிரீமியத்துக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகிவிட்டது. 43,950 கட்டும் வண்டிக்கு இதிலேயே மூவாயிரம் ரூபாய்க்கு மேல் குறைகிறது. கொட்டேஷன் வந்ததும் இந்த வரி சரியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

"தேர்டு பார்ட்டியில் தள்ளுபடி வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் உஷாராக இருங்கள். ஒன்று, வண்டியின் எடையைக் குறைத்துக் காட்டியிருப்பார். இல்லையென்றால் பாலிசியே போலியாக இருக்கும். பாலிசி கைக்கு வந்து சில நாட்களில் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, இன்சூரன்ஸ் தேதி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம்.

பேரம் பேசக்கூடியது ஓன் டேமேஜ் மட்டும்தான். 2007 ஜனவரியிலிருந்து இதன் கட்டணத்தை அந்தந்த நிறுவனமே முடிவு செய்கிறது. அதனால் ஒரே வண்டிக்கு ஒரு நிறுவனம் நிறையத் தள்ளுபடி தரும், இன்னொன்று தராது.

ஒரே லாரிக்கு மூன்று கொட்டேஷன் வாங்கினேன். பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம் வருகிறது. எதை எடுப்பது?

கடைசி வரியில் உள்ள மொத்தத் தொகையை முதலில் பார்க்காதீர்கள். மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இவற்றை ஒப்பிடுங்கள்: ஐடிவி (பாலிசியில் போட்ட வண்டி மதிப்பு) எவ்வளவு, ஐ.எம்.டி. 23 (பம்பர், விளக்கு போன்ற பாகங்களுக்கான கூடுதல் கவர்) இருக்கிறதா, அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு வரம்பு எவ்வளவு, டிரைவர் கிளீனர் எத்தனை பேர் என்று காட்டியிருக்கிறது, நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாத வருடங்களுக்கான தள்ளுபடி) எத்தனை சதவீதம், ஆட் ஆன் (கூடுதல் காசுக்குச் சேர்க்கும் கவர்) என்னென்ன. இவை எல்லாம் மூன்றிலும் ஒன்றாக இருந்து, அப்புறமும் ஒன்று குறைவாக வந்தால் அதுதான் உண்மையிலேயே மலிவு.

என் அனுபவத்தில் பத்தாயிரம் ரூபாய் வித்தியாசத்தில் பாதி நிஜத் தள்ளுபடியாக இருக்கும். மீதிப் பாதி பாலிசியிலிருந்து ஏதோ ஒன்றை உருவி எடுத்ததால் வந்திருக்கும். உருவியதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஏஜெண்டிடம் "ரேட்டைக் குறையுங்கள், கவரைத் தொடாதீர்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். "ஐடிவி இவ்வளவு, ஐ.எம்.டி. 23 கட்டாயம் வேண்டும், ஆள் இரண்டு பேர்" என்று நீங்களே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து எல்லோரிடமும் அதற்கே ரேட் கேட்டால் இன்னும் நல்லது.

ஐடிவியைக் கொஞ்சம் குறைத்தால் என்ன ஆகிவிடும்?

ஐடிவி என்பது வண்டி திருடுபோனாலோ முழுதும் நாசமானாலோ நிறுவனம் தரும் உச்சத் தொகை. புது வண்டி விலையிலிருந்து வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிப்பார்கள்: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. அதற்கு மேல் இரு தரப்பும் பேசி முடிவு செய்வது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐடிவி 20 லட்சம், ஓன் டேமேஜ் ரேட் தள்ளுபடி எல்லாம் போக 0.6 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரீமியம் 12,000. ஐடிவியை 16 லட்சமாக இறக்கினால் 9,600. மிச்சம் 2,400 ரூபாய். வண்டி காணாமல் போனால் நஷ்டம் 4 லட்சம். ஃபைனான்ஸ் பாக்கி 18 லட்சம் இருந்தால், வண்டியும் இல்லாமல் 2 லட்சம் கடனும் கையில் நிற்கும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பழுது பார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு நஷ்டம் என்று முடித்துவிடுவார்கள். 20 லட்சம் ஐடிவிக்கு அந்தக் கோடு 15 லட்சம். 16 லட்சத்துக்கு 12 லட்சம். 13 லட்சம் பில் வரும் விபத்தில், முதல் பாலிசி இருந்தால் வண்டி பட்டறையிலிருந்து திரும்பி வரும், இரண்டாவது பாலிசி இருந்தால் வராது.

சரி, ஐடிவியை ஏற்றி வைத்தால் லாபமா என்றால் அதுவும் இல்லை. சந்தை விலைக்கு மேல் போட்ட தொகைக்குப் பிரீமியம்தான் வீண். அதே மாடல், அதே வயது வண்டி இன்று என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று இரண்டு புரோக்கரிடம் விசாரித்து, அதை ஒட்டிப் போடுங்கள்.

சேசிஸ் எடுத்து, பாடி வெளியில் கட்டினேன். அதற்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

கட்டாயம் செய்ய வேண்டும். நாமக்கல், கரூர் பக்கம் பாடி கட்டிய வண்டிகளில் நான் அடிக்கடி பார்க்கும் ஓட்டை இதுதான். ஷோரூமில் சேசிஸ் எடுக்கும்போதே பாலிசி போட்டுவிடுகிறார்கள். அதில் சேசிஸ் விலை மட்டும் இருக்கும். பாடி கட்டப் பல லட்சம் செலவழித்த பிறகு அதை யாரும் பாலிசியில் ஏற்றுவதில்லை. அடுத்த வருடமும் அதே தொகையிலிருந்து கழித்தே ஐடிவி வரும்.

பாடி பில்டர் பில்லை வாங்கி வைத்துக்கொண்டு, சேசிஸ் மதிப்பு, பாடி மதிப்பு இரண்டும் தனித்தனியாகப் பாலிசியில் வருமாறு எண்டார்ஸ்மெண்ட் (பாலிசியில் திருத்தம்) போடுங்கள். டிரெய்லர் என்றால் முன்னால் இழுக்கும் வண்டிக்கு ஒரு பதிவு எண், பின்னால் வரும் டிரெய்லருக்கு ஒன்று. இரண்டும் பாலிசியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐ.எம்.டி. 23 என்றால் என்ன? அதை எடுத்துவிட்டால் குறையும் என்கிறார்களே?

குறையும். ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 15 சதவீதம் அளவுக்கு இதற்குப் போகிறது. ஆனால் எதை விடுகிறோம் என்று தெரிந்து விடுங்கள்.

சரக்கு வண்டிப் பாலிசியில் விளக்குகள், டயர், டியூப், மட்கார்டு, பானெட், பக்கவாட்டுப் பாகங்கள், பம்பர், ஹெட்லைட், பெயிண்ட் ஆகியவை சாதாரணமாகக் கவர் ஆகாது. வண்டி முழு நஷ்டமானால்தான் அவற்றுக்குக் கணக்கு. ஐ.எம்.டி. 23 சேர்த்தால்தான் சாதாரண விபத்திலும் இவை உள்ளே வரும்.

லாரி மோதினால் முதலில் எது உடையும்? ஒரு தடவை எங்கள் வண்டி ஒன்று மழையில் முன்னால் நின்ற வண்டியின் பின்பக்கத்தில் போய் முட்டியது. பம்பர், இரண்டு ஹெட்லைட், முன் முகப்பு, பெயிண்ட். சேசிஸில் கீறல்கூட இல்லை. சர்வேயர் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் நேராக ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் ரேடியேட்டரும் அதன் பிராக்கெட்டும் மட்டும்தான் தேறின. முந்தைய வருடம் நான்தான் பிரீமியத்தைக் குறைக்க ஐ.எம்.டி. 23 வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். அன்றிலிருந்து, ஓன் டேமேஜ் எடுக்கும் எந்த வண்டிக்கும் அதை நான் விடுவதில்லை.

தேய்மானம் என்று எவ்வளவு பிடிப்பார்கள்?

ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்குப் பாதி. ஃபைபருக்கு 30 சதவீதம். கண்ணாடிக்குப் பிடித்தம் இல்லை. இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து: இரண்டாவது வருடத்தில் 10, மூன்றாவதில் 15, நான்காவதில் 25, ஐந்தாவதில் 35, ஐந்திலிருந்து பத்து வருடம் வரை 40, அதற்கு மேல் 50 சதவீதம். ஆறு வருட லாரிக்கு இரண்டு லட்சத்துக்கு இரும்புச் சாமான் மாற்றினால் 80,000 நம் கையிலிருந்து. ஜீரோ டெப் (தேய்மானம் பிடிக்காத) ஆட் ஆன் கிடைத்தால் இது குறையும். புது வண்டிக்குக் கேட்டு வாங்குங்கள். வயதான லாரிக்குப் பெரும்பாலும் தர மாட்டார்கள்.

நோ கிளெய்ம் போனஸ் போகாமல் இருக்கச் சின்னச் சேதத்துக்குக் கிளெய்ம் போடாமல் விடலாமா?

கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். போனஸ் முதல் வருடம் 20, பிறகு 25, 35, 45, ஐந்து வருடம் கிளெய்ம் இல்லையென்றால் 50 சதவீதம். ஓன் டேமேஜ் பிரீமியத்தில் மட்டும்தான் இது கழியும், தேர்டு பார்ட்டியில் கழியாது.

ஐம்பது சதவீதத்தில் இருக்கிறீர்கள், போனஸ் கழிக்கும் முன் ஓன் டேமேஜ் 20,000 என்று வையுங்கள். ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த வருடம் போனஸ் பூஜ்யம். 10,000 கூடுதலாகக் கட்டுவீர்கள். அதற்கடுத்த வருடம் 20 சதவீதம்தான், எனவே 6,000 கூடுதல். பிறகு 5,000, 3,000, 1,000. ஆக மொத்தம் 25,000. ஐடிவி வருடா வருடம் குறைவதால் நடைமுறையில் இதைவிடக் கொஞ்சம் குறையும். ஆனாலும் பதினைந்தாயிரம் ரூபாய் பில்லுக்குக் கிளெய்ம் போடுவது நஷ்டம் என்பது தெரிகிறது அல்லவா?

போனஸ் உங்களுடையது, வண்டியுடையது இல்லை. பழைய லாரியை விற்றுப் புதியது எடுத்தால் அதை மாற்றிக்கொள்ளலாம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்த போனஸ் எல்லாம் போய்விடும். இன்னொன்று, போன வருடம் கிளெய்ம் வாங்கியிருந்து, நிறுவனம் மாற்றும்போது போனஸ் இருப்பதாகப் பொய் சொல்லி எடுக்க வேண்டாம். பழைய நிறுவனத்திடம் கேட்டால் ஒரே நாளில் தெரிந்துவிடும். கிளெய்ம் அங்கேயே நிற்கும்.

டிரைவர், கிளீனருக்கு என்ன கவர் வேண்டும்?

இதில் மட்டும் தயவு செய்து மிச்சம் பார்க்காதீர்கள். வேலை நேரத்தில் டிரைவர் இறந்தால் ஓனர்தான் பொறுப்பு; முன்பு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-ன்படி, 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-ன்படி. பழைய சட்டத்தில் இழப்பீட்டுக்குக் கணக்கில் எடுத்த மாதச் சம்பளத்தின் உச்ச வரம்பு 15,000 ரூபாய். அதில் பாதியை வயதுக்கு உரிய காரணியால் பெருக்குவார்கள். முப்பது வயதுக்காரருக்குக் காரணி 207.98. ஆக 7,500 பெருக்கல் 207.98, கிட்டத்தட்ட 15 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். ஒற்றை வண்டி ஓனரால் இதைக் கையிலிருந்து தர முடியுமா? அந்தக் குடும்பம் எங்கே போகும்?

இந்தப் பொறுப்பைப் பாலிசியில் ஏற்ற ஒரு ஆளுக்கு ஆகும் பிரீமியம் மிகச் சொற்பம், இரண்டு டீ, வடை செலவுதான். டிரைவர், மாற்று டிரைவர், கிளீனர், நிரந்தர லோடுமேன் எத்தனை பேரோ அத்தனை பேர் எண்ணிக்கையும் பாலிசியில் வர வேண்டும். வண்டியில் நான்கு பேர் போய்ப் பாலிசியில் இரண்டு என்று இருந்தால் வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும்.

ஓனரே ஓட்டுநராக இருந்தால் 15 லட்சம் ரூபாய்க்குக் கட்டாயத் தனிநபர் விபத்துக் கவர் உண்டு. அது ஓனருக்கு மட்டும். சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கு அது போகாது.

அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு வரம்பைக் குறைத்தால் பிரீமியம் குறையும் என்றார் ஏஜெண்ட்.

சாதாரணமாக 7.5 லட்சம் வரை கவர் இருக்கும். அதை 6,000 ரூபாய் என்று சுருக்கிக்கொண்டால் சில நூறு ரூபாய் குறையும். ஒரு கார் மேல் லேசாக உரசினாலே 6,000 போதாது. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

லோடு கவர் ஆகுமா?

ஆகாது. லாரிப் பாலிசி வண்டிக்கு. ஏற்றிய சரக்குக்கு இல்லை. சரக்கின் உரிமையாளர் டிரான்சிட் இன்சூரன்ஸ் எடுத்திருந்தால்கூட, அவருக்குப் பணம் கொடுத்த நிறுவனம் அப்புறம் கேரியரிடம் (சரக்கை ஏற்றிச் சென்றவரிடம்) வசூல் செய்ய வரும். புக்கிங் ஆபீஸ் பெயரில் பில்டி (சரக்கு ரசீது) போட்டு லோடு எடுப்பவர்கள் கேரியர்ஸ் லீகல் லயபிலிட்டி (ஏற்றிச் செல்பவரின் சட்டப் பொறுப்புக்கான) பாலிசியைப் பற்றி விசாரிக்க வேண்டும். வாடகைக்கு வண்டியை மட்டும் விடுபவர், லோடு ஏற்றும் முன் சரக்குக்கு யார் இன்சூரன்ஸ் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டால் போதும்.

எந்தெந்தக் காரணத்துக்குக் கிளெய்மைத் தட்டிவிடுகிறார்கள்?

பெரும்பாலும் காகிதம்தான். விபத்து நடந்த அன்று எஃப்.சி. உயிரோடு இருந்ததா, பர்மிட் இருந்ததா, டிரைவரின் லைசென்ஸ் அந்த வண்டிக்கு ஏற்றதா. புது வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி., பிறகு வருடா வருடம். எஃப்.சி. முடிந்து நான்கே நாளில் விபத்து நடந்து பணம் கிடைக்காமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் அலுவலகச் சுவரில் ஒவ்வொரு வண்டிக்கும் இந்தத் தேதிகளைச் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

லைசென்ஸ் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி உண்டு. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. 2024 நவம்பர் 6-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்துவிட்டது. ஆகவே சின்ன வண்டிகளுக்கு "டிரான்ஸ்போர்ட் முத்திரை இல்லை" என்று மட்டும் சொல்லித் தட்ட முடியாது. கெமிக்கல், பெட்ரோல் டேங்கர் என்றால் அபாயகரமான சரக்குக்கான பயிற்சியும் லைசென்ஸில் அதற்கான பதிவும் தனியாக வேண்டும்.

அப்புறம், ஆள் ஏற்றுவது. சரக்கு வண்டியில் லிஃப்ட் கேட்டு ஏறியவருக்குத் தேர்டு பார்ட்டி கவர் கிடையாது. 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் இதைச் சொல்லிவிட்டது. சரக்கின் உரிமையாளரோ அவருடைய ஆளோ சரக்கோடு வந்தால் உண்டு. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஆள் ஏற்றினால் வரும் பொறுப்பு முழுக்க ஓனர் தலையில். ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதமும், கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000-மும் என்பதோடு, கிளெய்மிலும் அது சண்டைக்கு இடம் கொடுக்கும்.

இன்னும் ஒன்று: விபத்துக்குப் பிறகு வண்டியை ஓட்டி வருவது. ரேடியேட்டர் உடைந்து தண்ணீர் ஒழுகுகிறது, பக்கத்து ஊர்ப் பட்டறை வரை ஓட்டிப் போய்விடலாம் என்று டிரைவர் நினைப்பார். இன்ஜின் சீஸ் ஆகிவிடும். ரேடியேட்டருக்குப் பணம் வரும். இன்ஜினுக்கு வராது. டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஸ்டெப்னி திருடு போனால்?

வண்டியோடு போனால்தான் உண்டு. டயரோ பேட்டரியோ தனியாகக் கழற்றிக்கொண்டு போனால் கிடைக்காது.

எந்த ஆட் ஆனுக்குக் காசு கொடுக்கலாம்?

நான் முதலில் சேர்ப்பது கிரேன், டோயிங் செலவு. வழக்கமான பாலிசியில் வண்டியைத் தூக்கி இழுத்து வர 2,500 ரூபாய்தான் வரம்பு. ஒரு பன்னிரண்டு வீல் லாரி லோடோடு கவிழ்ந்தால் நிமிர்த்த எத்தனை கிரேன் வரும், மணிக்கு என்ன கேட்பார்கள் என்று ஒரு தடவை பார்த்தவருக்கு அந்தத் தொகையை நினைத்தாலே தலை சுற்றும். வரம்பைக் கூட்ட ஆகும் பிரீமியம் குறைவு. புது வண்டிக்கு, விபத்தில் முழுதும் போனால் பில் விலையையே தரும் ஆட் ஆனையும் ஃபைனான்ஸ் இருக்கும் வரை எடுக்கலாம். மற்றதெல்லாம் உங்கள் ரூட்டைப் பார்த்து.

பழைய லாரி, தவணை முடிந்துவிட்டது. தேர்டு பார்ட்டி மட்டும் போதுமா?

வண்டி நாளைக்கே இல்லாமல் போனால் உங்களால் சமாளிக்க முடியுமா என்று உங்களையே கேளுங்கள். ஆறு, ஏழு லட்சம் மதிப்புள்ள வண்டி, அதுதான் குடும்பத்தின் ஒரே வருமானம் என்றால் ஓன் டேமேஜ் எடுங்கள். ஐந்தாறு வண்டி இருக்கிறது, இது பதினைந்து வருடப் பழசு, உள்ளூர் மணல் ஜல்லி ஓட்டம்தான் என்றால் தேர்டு பார்ட்டியோடு நிறுத்திக்கொள்வது நியாயமான முடிவு. நடுவில் ஒரு வழியும் உண்டு: தேர்டு பார்ட்டியோடு தீ, திருட்டு மட்டும் சேர்த்துத் தருகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் லாரி வாங்கினேன். பழைய ஓனர் பாலிசி இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

தேர்டு பார்ட்டி பகுதி சட்டப்படி தானாக உங்களுக்கு மாறிவிடும். ஓன் டேமேஜ் மாறாது. 14 நாளுக்குள் நிறுவனத்தில் மனு கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய ஓனரின் போனஸ் உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். கட்டிவிடுங்கள்.

ஃபைனான்ஸ் நிறுவனம் அவர்கள் சொல்லும் இடத்தில்தான் எடுக்க வேண்டும் என்கிறது.

அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அவர்களுக்கு வேண்டியது பாலிசியில் ஹெச்.பி. (வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற பதிவு) அவர்கள் பெயரில் இருப்பது. வெளியில் வாங்கிய கொட்டேஷனைக் காட்டுங்கள். பெரும்பாலும் அதே தொகைக்கு இறங்கி வருவார்கள்.

ரெனியூவலை எப்போது ஆரம்பிக்கலாம்?

ஒரு மாதம் முன்பே. கடைசி நாளில் போனால் கிடைத்த ரேட்டுக்குத் தலையாட்ட வேண்டியதுதான். இரண்டு மூன்று வண்டி இருந்தால் எல்லாவற்றையும் ஒரே தேதிக்குக் கொண்டுவந்து ஒன்றாகக் கேளுங்கள், தள்ளுபடி கூடும். கேட்கும்போது முந்தைய மூன்று வருடக் கிளெய்ம் விவரத்தை ஒரு தாளில் எழுதிக் காட்டினால் பேச்சு சுலபமாக முடியும்.

இன்சூரன்ஸ் சட்டம் பிரிவு 64 வி.பி. சொல்வது இது: பணம் போய்ச் சேராமல் பொறுப்பு ஆரம்பிக்காது. செக் கொடுத்து அது திரும்பிவிட்டால் பாலிசித் தாள் கையில் இருந்தும் பயன் இல்லை. ஏஜெண்டிடம் ரொக்கமாகக் கொடுத்து "நாளைக்குக் கட்டிவிடுவார்" என்று வண்டியை அனுப்பாதீர்கள். பாலிசியில் ஆரம்பிக்கும் தேதியோடு மணியும் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள்.

விபத்து நடந்ததும் என்ன செய்ய வேண்டும்?

முதலில் காயம்பட்டவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. அப்புறம் வண்டி இருந்த நிலையிலேயே நான்கு பக்கமும், நம்பர் பிளேட் தெரிய, ரோட்டோடு சேர்த்துப் படம். நிறுவனத்துக்கு ஃபோன். பெரிய விபத்து என்றால் ஸ்பாட் சர்வே கேளுங்கள். சர்வேயர் வரும் முன் வண்டியை அகற்ற வேண்டியிருந்தால் போலீஸ் சொன்னதால் அகற்றினோம் என்று எழுதி வையுங்கள். லோடு சலானும் பில்டியும் பத்திரம்.

திருட்டு என்றால் உடனே எஃப்.ஐ.ஆர். அதைத் தாமதிக்கக் கூடாது. எஃப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்தால், நிறுவனத்துக்குச் சொல்லத் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காகக் கிளெய்மை மறுக்க முடியாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. இரண்டு சாவியும் கேட்பார்கள், பாலிசி எடுத்த நாளிலிருந்தே இரண்டாவது சாவி எங்கே என்று தெரிந்து வைத்திருங்கள்.

கிளெய்மை மறுத்துவிட்டார்கள். இனி?

மறுப்பை எழுத்தில், எந்த நிபந்தனையை மீறினோம் என்ற எண்ணோடு கேட்டு வாங்குங்கள். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் புகாரைப் பதியலாம். அதற்கும் மேல் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில். தனிநபர் பெயரில் உள்ள வண்டி என்றால் தாராளமாகப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பு சொல்லலாம். நிறுவனம் மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போக வேண்டும். ஏற்கனவே நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தால் இங்கே எடுக்க மாட்டார்கள், அதனால் எங்கே போவது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நிபந்தனை மீறல் சின்னது, விபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றால் கிளெய்மில் 75 சதவீதம் வரை தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் அமலேந்து சாஹு வழக்கில் சொல்லியிருக்கிறது. முழுதும் மறுத்தார்கள் என்று வெறுங்கையோடு திரும்பாமல், மனுவில் இந்தத் தீர்ப்பின் பெயரைக் குறிப்பிட்டு "நான்-ஸ்டாண்டர்ட் அடிப்படையிலாவது தர வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.